பதிமூன்று ராஜ்யங்களும் என் கல்யாண ஓலையும்

அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே புத்தகங்கள். அதிலும் ஒன்றுக்கு அட்டை கிடையாது. இருந்தும் அந்தத் தேசத்தால் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது என்று சொன்னால், என் பிள்ளைகள்கூட நம்பமாட்டேன் என்கிறார்கள். அவர்களுடைய அம்மாவைக் கேட்கச் சொன்னால், "அமெரிக்கா பேர்ல ஏன் பழி போடறீங்க?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

நான் அப்போது திருத்தணி மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷன் கோயிலில் ஹார்மோனியம் வாசிப்பேன். வாத்தியார் வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஹார்மோனியத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்திருந்தது. மலை மேல் முருகனுக்கு ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட எங்கள் கோயிலுக்கு வராது. ஆனாலும் வந்த பத்து வரிசையும் என் கைவிரலைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும் என்கிற கர்வம் எனக்கு இருந்தது.

எங்கள் சபை அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணிக் கோயில் தலைமை. அதற்குக் கீழே சுற்றுப்பட்டில் ஆறு கிராமக் கோயில்கள். போதகர் ஒருவர்தான், அவர் திருத்தணியில் இருப்பார். மாதம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் போய் வருவார். மற்ற நாட்களில் ஊருக்கு ஓர் உபதேசியார் ஜெபம் நடத்துவார். எனக்கு நிச்சயமாகியிருந்த பெண், திருவாலங்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்து உபதேசியாரின் மகள். அந்த ஊர்க் கோயிலிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்கு முன்பு என்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே அபிப்பிராயம் என் காதுவரை வந்தது: "அவுரு ஹார்மோனியம் வாசிக்கிறப்ப வாயும் சேர்ந்து வாசிக்குது." அன்றிலிருந்து ஒரு வாரம் கண்ணாடி முன்னால் வாயை மூடிக்கொண்டு வாசித்துப் பழகினேன். பழக்கம் வரவில்லை.

சுதந்திரம் வருவதற்கு முந்தின குளிர்காலம் அது. வருஷப் பிறப்பன்று ஆறு ஊர்ச் சனமும் திருத்தணிக் கோயிலில் கூடுவது வழக்கம். அன்று நான் முதல் பாட்டை எடுத்தேன். ஐந்து ஊர்கள் ஏறக்குறைய என்னோடு வந்தன. என் வருங்கால மாமனார் ஊர் மட்டும் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பாடியது. கூடவே ஒரு டோலக்கு. நான் மூன்றாம் சரணத்தை முடித்தபோது அவர்கள் இரண்டாம் சரணத்தின் பாதியில் இருந்தார்கள். நான் துருத்தியை மூடினேன். அவர்கள் நிறுத்தவில்லை. போதகர் அங்கியைத் தூக்கிச் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார், மறுபடி உள்ளே போட்டார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். வேறு யார் சிரித்திருந்தாலும் விட்டிருப்பேன். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய், "ஐயா, இதுக்கு ஒரு சட்டம் வேணுங்க" என்றேன். போதகர் வாட்டசாட்டமான மனுஷர். சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்குப் பசி எடுத்தமாதிரி ஆகிவிடும். மறுவாரமே ஆறு ஊருக்கும் உத்தரவு போயிற்று: இனிமேல் பாட்டு ஹார்மோனியத்தின் வேகத்தில், வரிக்கு ஒரு தடவை மட்டும் பாடப்பட வேண்டும். ஒரே சபை, ஒரே பாட்டு, ஒரே முடிவு. யோசனை என்னுடையது என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்து ஊர்கள் கேட்டுக்கொண்டன. ஓர் ஊர் கேட்கவில்லை. எந்த ஊர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால், மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் பெண் ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லலாம் என்று சபையில் கேட்பார்கள். போதகர் கையெழுத்துப் போட்ட சீட்டு வாராவாரம் திருத்தணியிலிருந்து கிராமத்துக்குப் போகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கல்யாணம் கிடையாது. முதல் ஓலை இரண்டு ஊரிலும் சுகமாக முடிந்தது.

இரண்டாம் ஓலையும் இரண்டு ஊரிலும் வாசித்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை சொன்னா கேப்பாங்க. மத்தியான ரயில்ல போய் ஒத்துமையைப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றார். ஓலை வாசிக்கிற நாட்களில் மாப்பிள்ளை பெண் ஊர்ப் பக்கம் போவது வழக்கமில்லை என்று இழுத்தேன். "வழக்கம் பெரிசா, போதகர் பெரிசா?" என்றார். அரக்கோணத்தில் ரயில் மாறி, திருவாலங்காட்டில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து போனேன்.

கோயில் ஒரு நீளமான கூரைக் கொட்டகை. சனம் பாயில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வயல் வேலை செய்கிறவர்கள், அறுப்பு முடிந்த அசதி முகத்தில் இருந்தது. அப்போது டில்லியில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்திருந்தார்கள். மாகாணம் பெரிதா, மத்திய சர்க்கார் பெரிதா என்று தினமும் பேப்பரில் சண்டை. அந்த வேகத்தில் நான் அட்டையில்லாத புத்தகத்தைப் படித்து வைத்திருந்தேன். ஒற்றுமைக்கு அமெரிக்காவை விட நல்ல உதாரணம் ஏது என்று ஆரம்பித்தேன்.

பதிமூன்று ராஜ்யங்கள் இங்கிலீஷ்காரனை விரட்டிவிட்டு, ஆளுக்கொரு திசையாக நின்ற கதையைச் சொன்னேன். ஆளுக்கொரு நாணயம், ஆளுக்கொரு சுங்கம். பொதுச் சர்க்கார் என்று ஒன்று இருந்தது, ஆனால் வரி போட அதற்கு அதிகாரமில்லை. கை நீட்டிக் கேட்கலாம், அவர்கள் கொடுத்தால் உண்டு. கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒரு பலமான மத்திய சர்க்காரை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று முடித்தேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. ஒரு குழந்தை அழுதது. டோலக்கு அடிக்கிறவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பெண்கள் பக்கமிருந்து அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கதை எடுபடவில்லையே என்ற ரோஷத்தில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினேன். "அப்புறம் ஒரு நாள்," என்றேன், "மத்திய சர்க்கார் வெளிநாட்டுச் சரக்கு மேல ஒரு வரி போட்டுச்சு. தெற்கே ஒரு ராஜ்யம், இந்தச் சட்டம் எங்க ஊர்ல செல்லாதுன்னு தீர்மானம் போட்டுச்சு."

டோலக்குக்காரர் கண்ணைத் திறந்தார். உபதேசியார் பாயிலிருந்து முன்னால் நகர்ந்தார்.

"செல்லாதுன்னு சொல்லிட்டானுங்களா? அவ்ளோ பெரிய சர்க்காரையா?"

"ஆங், மாமா. சொல்லிட்டாங்க."

"அப்டிச் சொல்லலாமா?"

"சொன்னாங்களே!"

கூட்டம் விழித்துக்கொண்டது. கேட்கிறவர்கள் இருந்தால் என் புத்தி மேய்ச்சலுக்குப் போய்விடும். தீர்மானம் வாசித்தவன் போல எழுந்து நின்று நடித்தேன். ஜனாதிபதி கோபத்தில் மேஜையைக் குத்தினார் என்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாத மேஜையைக் குத்திக் காட்டினேன். படை அனுப்புவேன் என்று ஜனாதிபதி மிரட்டுகிற இடத்தில் மணி நாலரை ஆகிவிட்டது. ஐந்து மணி பாசஞ்சரை விட்டால் வேறு கதியில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். ஊரே வாசலில் நின்று என்னை வழியனுப்பியது. ஒற்றுமையின் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போதகர் ஆள் அனுப்பினார். அவர் மேஜைமேல் உபதேசியாரின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு காகிதம் இருந்தது. வரியை இரண்டு தடவை பாட அனுமதி வரும்வரை, திருத்தணியிலிருந்து வருகிற எந்தக் காகிதமும் இந்த ஊரில் செல்லாது. இது சரித்திர வாத்தியார் அவர்கள் எடுத்துக்காட்டிய அமெரிக்க முன்மாதிரிப்படி செய்யப்பட்ட தீர்மானம். கீழே ஊர் முழுக்கக் கைநாட்டு.

"நீங்க இன்னாதான் பேசினீங்க அங்க?"

"ஒத்துமையைப் பத்தித்தானுங்க ஐயா."

போதகர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்ல அவர் அங்கி இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. திருத்தணியில் வாசித்தார்கள். கிராமத்தில் வாசிக்கவில்லை. திங்கட்கிழமை வண்டிக்காரர் உபதேசியாரின் செய்தியைக் கொண்டுவந்தார்: "மாப்ள மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. தங்கமான புள்ள. ஆனா அந்தச் சீட்டும் திருத்தணிக் காயிதந்தானே? நானே மீறினா ஊரு இன்னா சொல்லும்?"

பெற்ற மகளின் ஓலையையே செல்லாது என்று ஒதுக்கிவைத்த மனுஷரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. போதகர் பதிலுக்குச் சீறி ஒரு காகிதம் அனுப்பினார். உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் அந்த ஊருக்கு ஹார்மோனியமும் வராது, போதகரும் வரமாட்டார். இதில் அடிபட்டவன் நான் ஒருவன்தான். எங்கள் கல்யாணம் அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை, அந்த ஊர்க் கோயிலில். பாக்கியிருந்தது ஒரே ஞாயிறு. அதை விட்டால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து காலம், தொடங்கிவிடும்; லெந்தில் எங்கள் சபையில் கல்யாணம் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு முதல் ஓலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் என்ன நடக்காது? அரக்கோணத்தில் இருந்த அவள் அத்தை, ரயில்வேயில் ஒரு நல்ல பையன் இருக்கிறான், குடும்பத்துக்கே பாஸ் உண்டு என்று சொல்லிக்கொண்டிருப்பதாக வண்டிக்காரர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். நான் சாப்பாட்டைத் தொடவில்லை. பாஸ் உள்ளவனோடு ஹார்மோனியக்காரன் எப்படிப் போட்டி போடுவது? எனக்கு அழுகையே வந்தது.

வியாழக்கிழமை ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கையெழுத்து இல்லை. எழுத்து மட்டும் அரிச்சுவடியில் இருப்பதுபோல் குண்டு குண்டாக இருந்தது.

"கதையின் முடிவைச் சொல்லாமல் ரயிலுக்கு ஓடிவிட்டீர்கள். அவர்கள் கடைசியில் சேர்ந்தார்களா? சேர்ந்திருந்தால் ஞாயிறன்று வந்து சொல்லவும். சேராவிட்டால், வந்து பொய் சொல்லவும்."

அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்பதைச் சொன்னால் மரியாதை கெடும். ஞாயிறன்று போதகரிடம் கேட்காமலே ரயில் ஏறினேன்.

நான் போனபோது சாயங்கால ஜெபம் தொடங்கிவிட்டிருந்தது. முதல் தடவை பிரசங்கம் மட்டும் செய்துவிட்டு ஓடிவந்ததால், அவர்கள் தங்கள் கோயிலில் பாடி நான் கேட்டதில்லை. உபதேசியார் கையில் ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து ஒரு வரியை அவர் பாடினார். சனம் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடியது. அப்புறம் அடுத்த வரி. அந்த ஒரு புத்தகத்தைத் தவிர அங்கே வேறு புத்தகம் இல்லை. இருந்திருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்கு மேல் இல்லை. இரண்டு தடவை பாடுவது அடம் அல்ல, ஒரு தடவை கற்றுக்கொண்டு மறு தடவை பாடுகிறார்கள். வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்று. உத்தரவு கொண்டுவந்த என் வாயை நினைத்து வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் உபதேசியார், "வாங்க வாத்தியாரே. ஜனாதிபதி மேஜையைக் குத்தினாரு. அப்பால?" என்றார்.

சொன்னேன். மத்திய சர்க்கார் ஒரு பக்கம் படை அனுப்பச் சட்டம் செய்தது, மறு பக்கம் வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஒப்புக்கொண்டது. அந்த ராஜ்யம் வரி விஷயத்தில் தன் தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. ஆனால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட, படை அனுப்புகிற சட்டம் மட்டும் செல்லாது என்று புதிதாக ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டது. இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

எல்லோரும் சிரித்தார்கள். டோலக்குக்காரர் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன் சார். அந்த ஊரு வயல்ல யாரு வேலை செஞ்சது?" என்றார்.

"அடிமைங்க. கப்பல்ல புடிச்சுகினு வந்து வித்தவங்க. பருத்திக் காடெல்லாம் அவங்கதான்."

"அப்ப அவனுங்க கேட்ட உரிமை, அந்தச் சனத்தைக் கட்டி வெச்சிக்கறதுக்கும் சேர்த்துதானா?"

"ஆங். அதுக்கும் சேர்த்துதான்."

"அத மொதல்லயே சொல்றதில்லியா சார்? எங்க நைனா பண்ணையில கட்டுண்டு கெடந்து செத்தவரு." அவர் உபதேசியார் பக்கம் திரும்பினார். "அந்தத் தீர்மானத்துல என் கைநாட்டு கீது. அத அழிச்சுடுங்க."

புத்தகத்தில் அந்தப் பக்கமும் இருந்தது, நான் படித்துத்தான் இருந்தேன். நடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போயிருந்தேன்.

"அப்ப பாட்டு?" என்றார் உபதேசியார், பரிதாபமாக.

"பாட்டு நம்மளுது. அத ரெண்டு தபா பாடறதுக்கு அவனுங்க சிபாரிசு எதுக்கு?"

ஆங், அதுதான் சரி என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து அவள் எழுந்தாள். "நைனா, தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்குவோம். ஆனா ஐயா மெரட்டி ஒரு காயிதம் அனுப்பிச்சாரே, அது மட்டும் செல்லாதுன்னு வெச்சிக்குவோம். அந்த ஒரு புத்தி மட்டும் அவனுங்க கிட்டேர்ந்து எடுத்துக்கலாம், தப்பில்ல."

அவள் நைனாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேதப் புத்தகத்தைத் திறந்து, ஒரு வாரமாக அதற்குள் மடங்காமல் கசங்காமல் வைத்திருந்த எங்கள் ஓலையை எடுத்தார். வாசித்தார். தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார். டோலக்குக்காரர் தொண்டையைக் கனைத்தார். என் உயிர் ஒரு நிமிஷம் என்னிடம் இல்லை. அவருக்கு வெறும் இருமல்தான்.

திருத்தணி திரும்பி, அந்த ஊரில் இருப்பது ஒரே பாட்டுப் புத்தகம்தான் என்பதைப் போதகரிடம் சொன்னேன். புதன்கிழமை வண்டியில் ஹார்மோனியம் ஏறியது, பக்கத்தில் அவரும் ஏறினார். மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்கு வாசிக்க முடியாது என்பதால் வாசிப்பும் அவர்தான்.

முதல் வரியை வாசித்தார். உபதேசியார் பாடினார். சனம் டோலக்கோடு அதைத் திருப்பிப் பாடத் தொடங்கியது. போதகரின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த வரிக்குப் போவதா, நிற்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். கழுத்து நிறைய மாலையோடு பீடத்துக்கு முன் நின்ற நான், இரண்டு விரலைக் காட்டினேன். அதே வரி, இன்னொரு தடவை. அவர் வாசித்தார். ஹார்மோனியமும் டோலக்கும் சனமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஒரே வரியை இரண்டு தடவை வாசிக்க ஹார்மோனியத்தால் முடியும் என்பது அதுவரை எங்கள் சபையில் யாருக்கும் தோன்றவில்லை. முக்கியமாக எனக்கு.

பாட்டு நீண்டுகொண்டே போயிற்று. பக்கத்தில் நின்றவள் முக்காட்டுக்குள் குனிந்தபடி கேட்டாள். "அந்த வேகச் சட்டம் உங்க யோசனைதானே?"

எனக்கு வியர்த்துவிட்டது. "யாரு சொன்னாங்க?"

"ஐயா வூட்டம்மா. வருஷப் பொறப்பு அன்னிக்கே."

"அப்பவே தெரிஞ்சிருந்தா, ஓலை வாசிக்கிறப்ப தடை சொல்லியிருக்கலாமே?"

"மூணு தபா கேட்டாங்க," என்றாள். "மூணு தபாவும் வாயை மூடிகினுதான் இருந்தேன். நீங்களும் கத்துக்குங்க."